நோய்த்தொற்று வந்தால் ரிமாண்ட் தானாக நீளுமா?

கேள்வி: 2020 ஊரடங்கு தொடங்கும் முன் என் அக்கா மகனைத் திருட்டு வழக்கில் பிடித்தார்கள். இரண்டு மாதம் தாண்டியும் குற்றப்பத்திரிகை வரவில்லை. வக்கீலிடம் கேட்டால், "கொரோனா காலம், கோர்ட்டே நாள் கணக்கை நிறுத்திவைத்திருக்கிறது" என்றார். வழக்கு எப்போதோ முடிந்துவிட்டது. ஆனாலும் அவர் சொன்னது சரியா? இன்னொரு தொற்று வந்தாலும் இதே கதைதானா? – வாசகி, திருமங்கலம்

பதில்: சரியில்லை அம்மா. ஆனால் அவர் சொந்தமாகக் கற்பனை செய்து சொல்லவும் இல்லை. 2020 மார்ச் 23 அன்று உச்ச நீதிமன்றம், மனு தாக்கல் செய்வதற்கான காலக்கெடுவையெல்லாம் நீட்டித்தது. கட்சிக்காரர்களும் வக்கீல்களும் நோய்க்கு நடுவே கோர்ட்டுக்கு அலைய வேண்டாம் என்பதற்காக வந்த உத்தரவு அது. போலீஸ் தரப்பு அதையே பிடித்துக்கொண்டு, குற்றப்பத்திரிகைக்கும் பொருந்தும் என்றது. அந்த மே மாதத்தில் உயர் நீதிமன்றத்தின் நம் மதுரைக் கிளையிலேயே ஒரு நீதிபதி பொருந்தாது என்றார். சில நாளில் இன்னொரு நீதிபதி பொருந்தும் என்றார். எங்கள் வக்கீல்களுக்குள்ளேயே இரண்டு கட்சி!

உங்கள் பக்கத்துச் சமயநல்லூர் காவல் நிலைய வழக்கு ஒன்றுதான் இதைத் தீர்த்துவைத்தது. உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் அசோக் பூஷண், எம்.ஆர்.ஷா, வி.ராமசுப்ரமணியன் அமர்வு 2020 ஜூன் 19 அன்று தெளிவாகச் சொல்லிவிட்டது: காலக்கெடு உத்தரவு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 167(2)-ஐ (கெடுவுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் கைதிக்கு ஜாமீன் உரிமை தரும் பிரிவு) தொடாது, ஊரடங்கும் நெருக்கடி நிலைப் பிரகடனமும் ஒன்றல்ல. கோர்ட் பூட்டிக் கிடந்தது என்ற சாக்கும் எடுபடவில்லை. பொறுப்பு மாஜிஸ்திரேட்டிடம் குற்றப்பத்திரிகையைக் கொடுத்திருக்கலாமே என்றார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பில் மிகவும் பிடித்த இடம் அதுதான். ஆளைப் பிடித்து ரிமாண்ட் செய்ய மாஜிஸ்திரேட் கிடைக்கிறார், குற்றப்பத்திரிகை கொடுக்க மட்டும் கிடைக்க மாட்டாரா?

ஆகவே சாதாரண வழக்கில் 60 நாள், கடும் தண்டனைக்குரிய குற்றங்களில் 90 நாள் என்ற கணக்கு தொற்றுக் காலத்திலும் ஓடும். கைதான நாளிலிருந்து எண்ணாதீர்கள். முதல் ரிமாண்ட் நாளிலிருந்து, அதாவது மாஜிஸ்திரேட் முதன்முதலில் காவலில் வைக்க உத்தரவிட்ட நாளிலிருந்து எண்ணுங்கள். அந்த நாளும் கணக்கில் சேரும் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் உறுதிசெய்திருக்கிறது. அப்புறம் முக்கியமான ஒன்று: கெடு முடிந்ததும் சிறைக் கதவு தானாகத் திறக்காது. ஜாமீன் கேட்டு மனு போட வேண்டும். அதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் உரிமை போய்விடும். முதலில் மனு போட்டுவிட்டால், மறுநாளே குற்றப்பத்திரிகை வந்தாலும் உரிமை நிற்கும். 2024 ஜூலை 1 முதல் இதெல்லாம், குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187(3)-இல் இருக்கிறது. எண்தான் புதிது, பழைய ஆட்கள் நாங்கள் இன்னும் 'ஒன் சிக்ஸ்டி செவன்' என்றுதான் சொல்கிறோம்.

கேள்வி: அப்படியானால் 90 நாளுக்கு மேல் யாரையும் நீட்டிக்கவே முடியாதா? – அதே வாசகி

பதில்: உபா எனும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்திலும், வணிக அளவு (சட்டம் வரையறுத்த பெரிய அளவு) போதைப்பொருள் வழக்கிலும் முடியும். உபாவில் 180 நாள் வரை. ஆனால் விசாரணை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, ஏன் இன்னும் காவல் வேண்டும் என்று அரசு வழக்கறிஞர் அறிக்கை தர வேண்டும்; நீதிபதி அதைப் படித்து உத்தரவிட வேண்டும். 'நோய் பரவுகிறது' என்பது மட்டும் அந்த அறிக்கைக்குக் காரணம் ஆகாது. நீட்டிப்பு கேட்கப்படும்போது கைதியை நேரிலோ காணொலியிலோ ஆஜர்படுத்தி, விஷயத்தை அவருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று 2022-இல் குஜராத் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அங்கே அப்படிச் செய்யாததால், நீட்டிப்பே செல்லாது என்று ஜாமீன் கொடுத்தார்கள்.