சிஎஃப்சி-12 என்றால் என்ன? ஒரு ஃபிரிட்ஜ் வாயு எப்படி ஓசோனைக் கெடுத்தது?

ஒரு கார்பன், இரண்டு குளோரின், இரண்டு ஃபுளோரின் அணுக்கள் சேர்ந்த வாயு இது. சிஎஃப்சி என்பது குளோரோஃபுளோரோகார்பன் என்பதன் சுருக்கம். ஃப்ரீயான்-12 என்றால் பழைய ஃபிரிட்ஜ் மெக்கானிக்குகளுக்குச் சட்டென்று புரியும். நிறமில்லை, தீப்பிடிக்காது, நச்சுத்தன்மை மிகக் குறைவு. மைனஸ் 30 டிகிரி செல்சியஸ் வாக்கில் கொதிக்கும். ஓரளவு அழுத்தினாலே திரவமாகிவிடும். குளிரூட்ட வேறென்ன வேண்டும்? அதற்கு முன் ஃபிரிட்ஜில் ஓடியவை அம்மோனியா, சல்ஃபர் டையாக்சைடு போன்றவை, கசிந்தால் ஆபத்து. 1930-இல் இதை உருவாக்கிய அமெரிக்க ஆய்வாளர் தாமஸ் மிட்ஜ்லி இந்த வாயுவை மூச்சில் இழுத்து, ஊதி மெழுகுவத்தியை அணைத்துக் காட்டினார். (பெட்ரோலில் ஈயம் கலக்க வழி சொன்னவரும் இவரேதான்!) அப்புறம் கார் ஏசி, ஸ்ப்ரே டப்பா என எங்கும் பரவியது.

சிக்கலே அதன் சாதுத்தனம்தான். கீழே எதனோடும் வினைபுரியாததால் சுமார் 100 ஆண்டுகள் காற்றில் தங்குகிறது. ஓசோன் படலம் இருக்கும் மேல் வளிமண்டல அடுக்கான ஸ்ட்ராட்டோஸ்பியர் வரை ஏறியதும் அங்குள்ள கடுமையான புற ஊதாக் கதிர் அதை உடைத்துக் குளோரினை விடுவிக்கிறது. தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிப்பவரைப் போல, அந்தக் குளோரின், புற ஊதாக் கதிரிலிருந்து நம்மைக் காக்கும் ஓசோன் மூலக்கூறுகளை வரிசையாகக் கிழிக்கும், தான் அப்படியே நிற்கும். 1974-இல் மோலினா, ரோலண்ட் என்ற இரு வேதியியலாளர்கள் இதை எச்சரித்தார்கள். 1987-இல் இத்தகைய வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. ஓசோனைக் கெடுப்பது போதாததற்கு, எடைக்கு எடை பார்த்தால் இந்த வாயு கார்பன் டையாக்சைடைவிடச் சுமார் 10,000 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும்.

"காற்றைவிடக் கனமானது, எப்படி மேலே போகும்?" என்று பலர் கேட்பார்கள், காற்றோட்டம் எடை பார்த்துப் பிரிப்பதில்லை, எல்லாவற்றையும் கலக்கிவிடுகிறது, பலூன் அனுப்பி ஸ்ட்ராட்டோஸ்பியரில் எடுத்த மாதிரிகளிலேயே சிஎஃப்சி கிடைத்திருக்கிறது.