பைபாசுக்குப் பிறகு குனிந்தால் மூச்சு வாங்குகிறது

கேள்வி: வயது 56. ஆறு மாதங்களுக்கு முன் பைபாஸ் செய்துகொண்டேன். இதயம் நன்றாக இருக்கிறதாம். ஆனால் மாடி ஏறினாலும் குனிந்தாலும் மூச்சு வாங்குகிறது. மல்லாந்து படுக்க முடியவில்லை. இடப்பக்க உதரவிதானம் செயலிழந்துவிட்டது, பொறுத்திருங்கள் என்கிறார் மருத்துவர். ஆபரேஷன் செய்தால் சரியாகுமா?

பதில்: இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம். உங்கள் மருத்துவர் சொன்னது சரி. ஏன் என்பதையும் அவர் சொல்லியிருக்கலாம்.

மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே இருந்து மூச்சை இழுக்கும் தசைதான் உதரவிதானம். அதை இயக்கும் ஃபிரெனிக் நரம்பு கழுத்தில் கிளம்பி, இதயத்தின் உறையை ஒட்டியே கீழே இறங்குகிறது. பைபாசின்போது இதயத்தைக் குளிர்விக்கப் பயன்படும் பனிக்கட்டியோ, மார்புத் தமனியைப் பிரித்தெடுக்கும் வேலையோ இந்த நரம்பைப் பாதிக்கலாம். நரம்பு அறுபடாமல் அடிபட்டு மட்டும் இருந்தால் மீண்டும் வளரும். ஆனால் நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். அதனால்தான் ஓராண்டு, சிலருக்கு இரண்டாண்டுகூடக் காத்திருக்கிறோம்.

அதற்காகச் சும்மா இருக்க வேண்டியதில்லை. உட்கார்ந்தும் படுத்தும் நுரையீரல் திறன் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். படுக்கும்போது அளவு 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் வலப்பக்கத்தையும் சந்தேகிக்க வேண்டும். காலையில் தலைவலி, பகலில் தூங்கி வழிதல் இருந்தால் தூக்கப் பரிசோதனையும் தேவை. பகலில் ஆக்சிமீட்டர் 97 காட்டுவதை நம்பி இருந்துவிடாதீர்கள். இரவில் மூச்சு குறைகிறது என்று தெரிந்தால் முகமூடி வழியாகக் காற்றை அழுத்தத்துடன் செலுத்தும் பைபாப் கருவி நன்றாக உதவும். தலைப்பக்கத்தை உயர்த்திப் படுங்கள். இரவு உணவு அரை வயிற்றுக்குப் போதும். தொப்பை இருந்தால் குறையுங்கள். அது உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. மூச்சுத் தசைப் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொள்ளலாம். ஆற்றிலோ குளத்திலோ மார்பளவு நீரில் இறங்காதீர்கள், நீரின் அழுத்தத்தில் மூச்சுத் திணறும்.

இத்தனைக்குப் பிறகும் அன்றாட வேலை முடங்கினால் பிளிக்கேஷன் பற்றிப் பேசலாம். தளர்ந்த தசையைப் புடவைக் கொசுவம்போல மடித்துத் தைத்து இறுக்குவது அது. தசைக்கு அசைவு திரும்பாது. மூச்சை இழுக்கும்போது அது மேலே ஏறாது, நுரையீரலுக்கு இடம் கிடைக்கும். நரம்பைத் தூண்டும் பேஸ்மேக்கர் பெரும்பாலும் கழுத்துத் தண்டுவடம் அடிபட்டு, இந்த நரம்பு மட்டும் பழுதாகாமல் இருப்பவர்களுக்கானது, உங்களுக்கல்ல.

இன்னொன்று. பின்னாளில் வலத் தோளில் அறுவைச்சிகிச்சை செய்ய நேர்ந்தால் மயக்க மருத்துவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தோளை மரத்துப்போகச் செய்யக் கழுத்தில் போடும் ஊசி, அந்தப் பக்க உதரவிதானத்தையும் சில மணி நேரம் நிறுத்திவிடக்கூடும்.