மகள் எஸ்இஓ படிக்கப் போகிறேன் என்கிறாள்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

வணக்கம் அம்மா.

எஸ்இஓ என்பது என்ன வேலை, விளம்பரத்தில் வந்த பயிற்சி வகுப்பை நம்பலாமா, செயற்கை நுண்ணறிவு வந்த பிறகும் இது நிலைக்குமா என்று நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருந்தாலும் அவற்றுக்குப் பின்னால் இருக்கும் பயம் ஒன்றுதான். வரலாறு படித்து முடித்த மகள், பெயரே விளங்காத ஒரு வேலையை நம்பி நல்ல வயதைத் தொலைத்துவிடுவாளோ என்று கலங்குகிறீர்கள். அந்தப் பயம் நியாயமானது. இந்தத் துறையில் மரியாதையான வேலையும் இருக்கிறது, ஆளை ஏமாற்றும் கூட்டமும் இருக்கிறது. இரண்டும் ஒரே பெயரில் நடமாடுவதால் வெளியில் இருப்பவர்களுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. அதனால் இது என்ன வேலை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கூகுள் போன்ற தேடுபொறியில் தேடுகிறவர் கண்ணில் ஒரு இணையதளம் படும்படி செய்வதுதான் எஸ்இஓ.

பேச்சு வராத குழந்தைகளுக்குப் பயிற்சி தரும் ஒரு மையம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் இணையதளத்தில் ‘எங்கள் நோக்கம்’, ‘செவித்திறன் மற்றும் பேச்சு மறுவாழ்வுச் சேவைகள்’ என்றெல்லாம் அழகாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் தூக்கம் வராமல் படுத்திருக்கும் ஒரு தாய் கைபேசியில் இப்படித் தேடுவதில்லை. ‘இரண்டு வயது ஆகியும் குழந்தை பேசவில்லை’, ‘கூப்பிட்டால் குழந்தை திரும்பிப் பார்ப்பதில்லை, என்ன செய்வது’ என்றுதான் தட்டுவாள். அந்த வார்த்தைகள் மையத்தின் தளத்தில் ஓரிடத்திலும் இல்லை. உதவி தேவைப்படுகிறவளும் உதவி செய்யக்கூடியவர்களும் சந்திக்காமலே போகிறார்கள். இந்த இருவரையும் சந்திக்க வைப்பதுதான் உங்கள் மகள் செய்ய விரும்பும் வேலை.

இதில் பாதி எழுத்து சார்ந்தது. மக்கள் என்ன கேட்கிறார்கள், எந்தச் சொற்களில் கேட்கிறார்கள், கேட்கும்போது அவர்களுக்கு விளக்கம் வேண்டுமா, முகவரி வேண்டுமா, கட்டண விவரம் வேண்டுமா என்று பிரித்தறிய வேண்டும். பிறகு மையத்தில் பணியாற்றும் பயிற்சியாளரிடம் உட்கார்ந்து பேசி, அவருக்குத் தெரிந்ததை அந்தத் தாய்க்குப் புரியும்படி ஒரு பக்கமாக எழுத வேண்டும். மறுபாதி கொஞ்சம் தொழில்நுட்பம். கூகுளின் தானியங்கி நிரல் அந்தப் பக்கத்தை வந்து படிக்க முடிகிறதா, தளத்தின் பக்கங்களைப் பட்டியலிட்டுத் தேடுபொறிக்குக் காட்டும் சைட்மேப் சரியாக இருக்கிறதா, ஒரே விஷயம் நான்கு முகவரிகளில் கிடக்கிறதா, கைபேசியில் பக்கம் வேகமாகத் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் சொல்லும் அளவு. இதையெல்லாம் நிரல் எழுதித் திருத்துவது வேறு ஒருவரின் பொறுப்பு. எது பழுது, அதை ஏன் முதலில் சரிசெய்ய வேண்டும் என்று அவருக்குத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தால் உங்கள் மகளுக்குப் போதும். கணினி அறிவியல் பட்டம் இதற்குத் தேவையில்லை.

இப்படிப் பயனுள்ளதை எழுதி வாடிக்கையாளரைச் சேர்ப்பதைக் கன்டென்ட் மார்க்கெட்டிங் என்பார்கள். அதை ஏதோ நேற்று முளைத்த மோகம் என்று நினைக்க வேண்டாம். வேளாண் கருவிகள் செய்யும் ஜான் டியர் நிறுவனம் 1895-லேயே விவசாயிகளுக்காக ஒரு பத்திரிகை தொடங்கியது. டயர் விற்கும் மிச்செலின் 1900-ல் கார் ஓட்டுகிறவர்களுக்கு வழிகாட்டி அச்சிட்டுக் கொடுத்தது. ‘என் பொருளை வாங்கு’ என்று கத்தாமல், வாங்கக்கூடியவருக்கு முதலில் பயன்படும் தகவலைக் கொடுப்பதுதான் அடிப்படை. வரலாறு படித்த பெண்ணுக்கு இதைப் புரியவைக்க வேண்டிய அவசியமே இருக்காது.

இப்போது ஏமாற்றுக் கூட்டத்துக்கு வருகிறேன். 1998-ல் லாரி பேஜும் செர்கே பிரின்னும் கூகுளைத் தொடங்கியபோது அவர்கள் கொண்டுவந்த முக்கியமான யோசனை, ஒரு பக்கத்தை எத்தனை நல்ல பக்கங்கள் சுட்டிக்காட்டுகின்றன என்பதை வைத்து அதன் மதிப்பைக் கணக்கிடுவது. இப்படி ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்கு அழைத்துச் செல்லும் இணைப்புதான் சுட்டி (லிங்க்). சுட்டிக்கு மதிப்பு என்று தெரிந்ததும் சுட்டிகளை விற்கும் வியாபாரம் கிளம்பிவிட்டது. ஒரே கீவேர்டை, அதாவது மக்கள் தேடும் சொல்லை, பத்திக்குப் பத்து முறை திணிப்பது, தேடுபொறிக்கு ஒரு பக்கமும் மனிதருக்கு வேறு பக்கமும் காட்டுவது என்று குறுக்கு வழிகள் பெருகின. 2006-ல் பிஎம்டபிள்யூவின் ஜெர்மன் தளத்தையே இப்படியான வேலைக்காகக் கூகுள் தன் முடிவுகளிலிருந்து தூக்கியது. அத்தனை பெரிய பெயரும் அன்று காப்பாற்றவில்லை. சரக்கில்லாத பக்கங்களைக் கீழே தள்ள 2011-ல் பாண்டா, விலைக்கு வாங்கிய சுட்டிகளைச் சாய்க்க 2012-ல் பெங்குயின் என்ற பெயர்களில் கூகுளின் கணக்கிடும் முறையில் அடுத்தடுத்து மாற்றங்கள் வந்தன. இன்றும் குறுக்கு வழியைச் சொல்லிக்கொடுத்துக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்தின் நிரலுக்குள் கீவேர்டுகளைப் பட்டியலிடும் கீவேர்டு மெட்டா டேக்கைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று 2009-லேயே கூகுள் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. அதை இன்னமும் முதல் பாடமாக நடத்துகிறவரிடம் உங்கள் மகள் படிக்கக் கூடாது.

நீங்கள் அனுப்பிய விளம்பரத்தில் ‘முப்பதே நாளில் கூகுளில் முதலிடம், வேலைக்கு நூறு சதவீத உத்தரவாதம்’ என்று இருக்கிறது. இந்த ஒரு வரியே எனக்குப் போதுமானது. முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதியிருக்கிறது. மாற்றங்களைச் செய்து பலன் தெரியப் பெரும்பாலும் நான்கு மாதத்திலிருந்து ஓராண்டு ஆகும் என்பதும் அதே வழிகாட்டியில் உள்ளதுதான். தொழிலின் இயல்பையே மாற்றிச் சொல்லித் தொடங்குகிறவர், அதற்கு மேல் என்ன சொல்லிக்கொடுப்பார்?

செயற்கை நுண்ணறிவு இந்த வேலையை விழுங்கிவிடாதா என்று உங்கள் தம்பி கேட்டதாக எழுதியிருந்தீர்கள். ஒரு பகுதியை விழுங்கிக்கொண்டுதான் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. 2024 மே மாதம் அமெரிக்காவில் தொடங்கி, தேடல் முடிவுகளுக்கு மேலேயே ஏஐ தொகுத்த பதிலைக் கூகுள் காட்ட ஆரம்பித்தது. ‘அது என்ன, இது என்ன’ என்ற எளிய கேள்விகளுக்குப் பதில் அங்கேயே கிடைப்பதால் பலர் எந்தத் தளத்துக்கும் போவதில்லை. நான்கு தளங்களைப் பார்த்து ஐந்நூறு வார்த்தையில் ஐந்தாவதாக ஒன்றை எழுதிக்கொடுப்பதுதான் கன்டென்ட் ரைட்டிங் என்று நினைத்து வருகிறவருக்கு இனி இடம் குறைவு. உங்கள் மகளின் நோக்கம் அதுவாக இருந்தால் வேண்டாம் என்றே சொல்வேன்.

ஆனால் அந்த ஏஐ பதில்களும் எங்கோ யாரோ எழுதிய பக்கங்களிலிருந்துதான் வருகின்றன, மூலத்தைச் சுட்டியும் காட்டுகின்றன. முடிவுகளின் தரத்தைச் சோதிப்பவர்களுக்கான கையேட்டில் 2022 டிசம்பரில் ‘அனுபவம்’ என்ற அளவுகோலைக் கூகுள் சேர்த்தது. எழுதியவர் அதைத் தானே செய்து பார்த்தவரா, நேரில் அறிந்தவரா என்ற கேள்வி அது. பேச்சுப் பயிற்சியாளர் பல ஆண்டுகளாகக் குழந்தைகளோடு பழகித் தெரிந்துகொண்டதை எந்த இயந்திரமும் தானாக எழுதிவிடாது. யாராவது அவர் எதிரில் உட்கார்ந்து, சரியான கேள்வி கேட்டு, சொன்னதைச் சரிபார்த்து, தெளிவாக எழுத வேண்டும். மூலங்களைத் தேடுவது, ஒன்றோடொன்று ஒப்பிடுவது, சந்தேகப்படுவது எல்லாம் வரலாற்று வகுப்பில் உங்கள் மகள் மூன்று ஆண்டு பழகியவை. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. இந்தத் திறமை இல்லாமல் தடுமாறுகிறவர்கள்தான் இங்கே அதிகம்.

இன்னொரு பலமும் அவளுக்கு உண்டு. தாய்மொழியில் நன்றாக எழுதுகிறாள் என்கிறீர்கள். ஏராளமான அமைப்புகள் தங்கள் தளத்தை ஆங்கிலத்தில் மட்டும் வைத்துக்கொண்டு, தமிழில் கேட்பவர்களுக்கு ஒன்றுமே சொல்லாமல் இருக்கின்றன. தமிழைத் தமிழ் எழுத்தில் தேடுகிறவர்களும் உண்டு, ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுகிறவர்களும் உண்டு. இந்த இரண்டு பழக்கத்தையும் உள்ளிருந்து அறிந்த ஒருத்தியால் செய்யக்கூடிய வேலை நிறைய மிச்சமிருக்கிறது.

பணம் கட்டுவதற்கு முன்னால் ஒன்று செய்யச் சொல்லுங்கள். ஒரு நூலகம், தொண்டு நிறுவனம், சிறிய பள்ளி என்று தளம் வைத்திருந்தும் யார் கண்ணிலும் படாத ஓர் அமைப்பை அவளே தேர்ந்தெடுக்கட்டும். அனுமதி கேட்டு, அவர்களுடைய சர்ச் கன்சோலைப் பார்க்கும் உரிமையை வாங்கட்டும். அது கூகுள் இலவசமாகத் தரும் கருவி. எந்தத் தேடலுக்கு அந்தத் தளம் தோன்றியது, எத்தனை பேர் சொடுக்கினார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்று 16 மாத விவரம் அதில் இருக்கும். பலமுறை தோன்றியும் யாரும் சொடுக்காத தேடல்களை முதலில் எடுக்க வேண்டும். பெரும்பாலும் தலைப்பு மொட்டையாக இருக்கும், அல்லது அந்தக் கேள்விக்கான பதில் பக்கத்தின் அடியில் எங்கோ புதைந்து கிடக்கும். திருத்தட்டும். என்ன மாற்றினோம், எந்தத் தேதியில், எதற்காக என்று குறித்து வைக்கட்டும். ஒரு மாதத்தில் ஒன்றும் அசையாது, அப்போது மனம் தளரும். ஆறு மாதமாவது விடாமல் செய்தால் சர்ச் கன்சோல் காட்டும் ஏற்ற இறக்க வரைபடம் ஏதாவது ஒன்றைச் சொல்லும். ஏறவில்லை என்றாலும் ஏன் ஏறவில்லை என்று விளக்கத் தெரிந்தால் அதற்கும் மதிப்புண்டு. நேர்முகத் தேர்வில் நான்கு சான்றிதழ்களைவிட இந்த ஒரு குறிப்பேடும் வரைபடமும் அதிகம் பேசும். படிக்க வேண்டிய அடிப்படைப் பாடம் கூகுளின் தொடக்க நிலை எஸ்இஓ வழிகாட்டியிலேயே இலவசமாக இருக்கிறது.

வேலை என்று வரும்போது பல நிறுவனங்களுக்கு இதைச் செய்துதரும் ஏஜென்சி, ஒரே நிறுவனத்தின் உள் அணி, தனியாளாக வேலை பிடித்துச் செய்யும் ஃப்ரீலான்ஸ் என்று மூன்று வழி. எடுத்த எடுப்பில் ஃப்ரீலான்ஸ் வேண்டாம். எழுதியதைத் திருத்தித் தரும் ஒரு மூத்தவர் அருகில் இருக்கும் இடமாகப் பார்க்கட்டும், சம்பளம் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை. தினமும் நூறு தளங்களில் சுட்டி ஒட்டுவதுதான் வேலை என்று தெரிந்தால் அங்கே தங்க வேண்டாம். அதில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை.

இதற்குப் பிறகும் பயிற்சி வகுப்பு தேவை என்று அவள் நினைத்தால் சேரலாம். நீங்களும் அவளோடு நேரில் போய்க் கேளுங்கள். பாடம் நடத்துகிறவர் தானே வளர்த்த ஒரு தளத்தின் சர்ச் கன்சோலைத் திறந்து காட்டுவாரா? மாணவர்களுக்குப் பழக உண்மையான தளம் கொடுப்பார்களா? தளத்துக்கு வருகிறவர்களைக் கணக்கிடும் கூகுளின் பழைய அனலிடிக்ஸ் கருவி 2023 ஜூலையோடு நின்றுவிட்டது, பாடத்திட்டத்தில் இருப்பது புதியதுதானா? முன்பு படித்தவர்கள் இரண்டு பேரிடம் பேச அனுமதிப்பார்களா? கட்டணத்தைத் தவணையாகக் கட்டலாமா? சலுகை இன்றோடு முடிகிறது என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னால் பாடத்திட்டத்தை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.