படகின் அடி துப்புரவாக்கும் சுழியோடிகளுக்கு: கேள்வி பதில்

சங்குக்கும் கடலட்டைக்கும் சுழியோடுகிற, இலங்கையின் வடக்கில் எங்கள் கரையோரப் பிள்ளைகள் சிலர், அந்த வேலை இல்லாத நாட்களில் படகின் அடி துப்புரவாக்குவதைத் தொழிலாகப் பழகலாமா என்று கேட்டிருந்தார்கள். பழகலாம். ஆனால் கடலைக் கெடுக்காமல் செய்யப் பழக வேண்டும். நான் இந்த வேலையைச் செய்கிறவன், பழக்கியும் விடுகிறவன். வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நாச்சிக்குடா, சுழியோடி: அண்ணை, அடியில் பிடிப்பது பாசியும் சிப்பியும்தானே? கடலில் இருந்து வந்தது கடலுக்குள்ளேயே விழுந்தால் என்ன கெடுதல்?

பெயின்ற் பூசாத பைபர் படகு என்றால் நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி, தம்பி. கெடுதல் பாசியால் வருவதில்லை. பாசி பிடிக்காமல் இருக்கப் பூசுகிற பெயின்றால் வருகிறது. அது நஞ்சு. முன்பு ட்ரைபியூட்டைல்டின் என்ற தகரச் சேர்மம் கலந்து பூசினார்கள். பிரான்சின் ஆர்க்காஷோன் விரிகுடாவில் வளர்ப்புச் சிப்பிகளின் ஓடு தடித்து உருக்குலைந்து தொழிலே படுத்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த நாடு 1982 இல் சிறு படகுகளுக்கு அதைத் தடுத்தது. உலக அளவிலான தடை நடைமுறைக்கு வர 2008 செப்டெம்பர் ஆகிவிட்டது.

இப்போது பெரும்பாலும் செம்பு கலந்த பெயின்ற். தகரத்தைவிடக் கொடுமை குறைவு, ஆனால் சிப்பி, இறால் போன்றவற்றின் குஞ்சுப் பருவத்தை மிகச் சிறிய அளவிலேயே தாக்கும். கலிபோர்னியாவில் கடல்நீரில் நீடித்து இருக்கக்கூடிய கரைந்த செம்புக்கு வைத்திருக்கிற எல்லை லீற்றருக்கு 3.1 மைக்ரோகிராம்தான். படகு சும்மா கட்டிக் கிடந்தாலும் செம்பு கசியும். அதைச் சுழியோடி தடுக்க முடியாது. முரட்டுத்தனமாகத் தேய்த்து ஒரேயடியாக உதிர்ப்பதைத் தடுக்கலாம்.

எங்கள் பக்கத்தில் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். உதிர்ந்த துகள் சேற்றில் படியும். அட்டை அந்தச் சேற்றை விழுங்கித்தான் உயிர் வாழ்கிறது. கிராஞ்சிப் பக்கம் அட்டைப் பண்ணை போட்டிருக்கிற ஆழமில்லாத கடலில் பெயின்றைச் சுரண்டிக் கொட்டினால், அது போய்ச் சேரும் இடம் எங்கள் பிழைப்புத்தான்.

பேசாலை, சம்மாட்டி (படகு முதலாளி): என் இழுவைப் படகுக்கு என்ன பெயின்ற் பூசியது என்று எனக்கே தெரியாது. இறங்குகிற பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

அதைக் கண்டுபிடிப்பதுதான் பயிற்சியின் முதல் பாடம், ஐயா. வெள்ளைத் துணி ஒன்றைக் கையில் சுற்றி, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே பாசியை மெல்ல விலக்கிவிட்டு, லேசாக அழுத்தி ஒரு தரம் துடைக்க வேண்டும். துணியில் சிவப்போ நீலமோ பெயின்றின் நிறம் ஏறினால் அது கரையும் பெயின்ற், கொஞ்சம் கொஞ்சமாகத் தானே தேய்ந்து போகும்படி செய்தது. நிறம் ஏறாமல் வெறும் பாசி மட்டும் வந்தால், தானே தேயாமல் இறுகி நிற்கிற கடும் பெயின்றாக இருக்கலாம். கரையும் பெயின்ற் உள்ள படகைத் தண்ணீருக்குள் தேய்ப்பதை அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் அனுமதிப்பதில்லை. நானும் பிள்ளைகளிடம் அப்படித்தான் சொல்கிறேன்: துணியில் நிறம் ஏறினால் படகைக் கரையேற்றச் சொல்லிவிட்டுத் திரும்பி வா, காசைப் பார்க்காதே.

அடுத்த முறை பெயின்ற் அடிக்கும்போது வெற்று வாளியை எறியாமல், பெயரையும் திகதியையும் எழுதி வையுங்கள். புதிதாகப் பூசிய அடியை மூன்று மாதமாவது தேய்க்காமல் விடுவது நல்லது.

விடத்தல்தீவு, சுழியோடி: என்ன சாமான் வாங்க வேண்டும்? எங்களிடம் இரும்புச் சுரண்டிதான் இருக்கிறது.

அந்தச் சுரண்டியைப் பெயின்ற் உள்ள இடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். புரொப்பெல்லர், தண்டு போன்ற வெற்று உலோகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் பழைய கம்பளத் துண்டு, மென்மையான பஞ்சு, துணி. எப்போதும் மிக மென்மையானதில் தொடங்குங்கள். அது எடுக்காவிட்டால்தான் அடுத்தது. தனிச் சிப்பி ஒன்றிரண்டு இருந்தால் பிளாஸ்ரிக் தகட்டைச் சாய்த்துப் பிடித்து நெம்பி, இடுப்பில் கட்டிய வலைப்பைக்குள் போடுங்கள்.

கையின் வேகம்தான் முக்கியம். நீர்மட்டத்தில் இருந்து கீழ்நோக்கி, நீளமாக, மெதுவாக, ஒரு இழுப்பு முந்திய இழுப்பில் கொஞ்சம் ஏறும்படி இழுக்க வேண்டும். வட்டமாகத் தேய்க்க வேண்டாம். இழுத்த கைக்குப் பின்னால் பாருங்கள். பச்சையோ மண்நிறமோ கலங்கினால் அது பாசி, பிழையில்லை. பெயின்றின் நிறத்தில் புகைபோல எழுந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள். பழக்கும்போது நான் பிள்ளைக்குப் பின்னால் நின்று அந்தப் புகையை மட்டும்தான் பார்ப்பேன். படகு எவ்வளவு பளபளக்கிறது என்று பார்ப்பதில்லை. சவர்க்காரத் தூள், குளோரின் எதுவும் தண்ணீருக்குள் வேண்டாம்.

அதே தம்பி: இப்படி மெதுவாகத் தேய்த்தால் ஏறிய சிப்பி எப்போது போகும்?

ஏற விடக் கூடாது. வழுவழுப்பாகப் பாசி படிந்திருக்கும்போதே துடைத்தால் கம்பளத் துண்டே போதும். சிப்பி ஏறாமல் பாசிப் படை மட்டும் இருந்தாலே அது எரிபொருளைத் தின்னும். அரை மில்லிமீற்றர் தடிப்பில் அடியின் பாதியை மூடினால், கப்பல் எரிபொருள் எரித்து வெளியேற்றும் பசுங்குடில் வாயு 25 முதல் 30 வீதம் வரை கூடலாம் என்பது சர்வதேசக் கடல்சார் அமைப்பின் கணக்கு. எங்கள் படகுகளுக்கு அதே எண் பொருந்த வேண்டும் என்றில்லை. ஆனால் மண்ணெண்ணெய்ச் செலவு கூடுவதை ஓட்டுகிறவர்கள் அறிவார்கள்.

முல்லைத்தீவு, ஒரு அக்கா: எங்கள் படகைக் கடற்கரையில் இழுத்துத்தான் வைக்கிறோம். எங்களுக்கும் சுழியோடி வேண்டுமா?

வேண்டாம் அக்கா. சில நாள் வெயிலில் காய்ந்தால் பாசியும் சிப்பியும் செத்துவிடும். சுரண்டும்போது கீழே தறப்பாள் விரியுங்கள். பெயின்ற் துகளைக் களப்பிலோ மண்ணிலோ கொட்டாமல், எரிக்காமல், மூடியுள்ள வாளியில் சேர்த்து வைத்து எங்கே ஒப்படைப்பது என்று பிரதேச சபையில் கேளுங்கள். காய்ந்த பெயின்றைத் தேய்க்கிறவர் முகக்கவசம் போடட்டும்.

பூநகரி, ஒரு அம்மா: மகன் அட்டைக்கு இறங்குவதைவிட இது ஆபத்தில்லாத வேலைதானே?

ஆழம் குறைவு அம்மா, அது பெரிய ஆறுதல். சிலிண்டர் மாற்றி மாற்றி ஆழத்துக்கு இறங்கி இடுப்புக்குக் கீழே உணர்விழந்த பிள்ளைகளை எங்கள் ஊர்களில் பார்த்திருக்கிறோம். ஆனாலும் இதில் வேறு ஆபத்துகள் உண்டு. எஞ்சின் திறப்பு (சாவி) இறங்குகிற மகனின் கையில் இருக்க வேண்டும், படகுக்காரர் கையில் அல்ல. சிலிண்டர் காற்றை இழுத்து மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் ஓரிரு மீற்றரிலேயே நுரையீரல் கிழியலாம். கொம்பிரசர் காற்று என்றால் எஞ்சின் புகை அதற்குள் போகாதபடி காற்றுத் திசை பார்த்து வைக்க வேண்டும். ஆழத்துக்கு இறங்கிய அன்றே இந்த வேலைக்கும் இறங்கக் கூடாது. கையுறை கட்டாயம், சிப்பி கீறிய காயம் சீழ் பிடிக்கும். மேலே ஒருவர் நிற்காமல் கீழே ஒருவர் இறங்கவே கூடாது.

தலைமன்னார், சுழியோடி: வேறு இடத்தில் இருந்து வந்த படகு என்றால்?

தண்ணீருக்குள் தொடாதீர்கள், கரையில் ஏற்றித்தான் துப்புரவாக்க வேண்டும். தென்னமெரிக்கச் சிப்பி ஒன்று சென்னைக்குப் பக்கத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி இறால் பிடிக்கிறவர்களின் வயிற்றில் அடித்திருக்கிறது. அங்கே அதைக் காக்கா ஆழி என்கிறார்கள். இப்படியானவை கப்பலோடும் படகோடும்தான் ஊர் விட்டு ஊர் போகின்றன.

பேசாலை, சுழியோடி: மெதுவாகச் செய்தால் நேரம் கூடும். கூலியை எப்படிப் பேசுவது?

படகின் நீளத்தை அளந்து, ஒரு அடி நீளத்துக்கு இவ்வளவு என்று மாதக் கணக்கில் பேசுங்கள். தடவைக்கு இவ்வளவு என்று பேசினால், காசு மிச்சம் என்று சம்மாட்டி தள்ளிப்போட்டுக்கொண்டே போவார். அப்புறம் சிப்பி ஏறிவிடும், இரும்புச் சுரண்டியை எடு என்று உங்களைத்தான் நெருக்குவார். மாதக் கணக்கென்றால் அவருக்கு மண்ணெண்ணெய் மிச்சம், உங்களுக்குக் கம்பளத் துண்டு வேலை.