லயத்தில் பிறந்த காது

கேள்வி: நான் இளையராஜா பாட்டு மட்டுமே கேட்டு வளர்ந்தவன். கர்நாடக இசை, மேற்கத்திய செவ்வியல் இசை, ப்ளூஸ் என்று எதைப் போட்டாலும் ஐந்து நிமிடத்தில் அணைத்துவிடுகிறேன். பல வகை இசையையும் ரசிப்பவர்கள் எப்படிக் கேட்கிறீர்கள்? எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

உங்களுக்கு ரசனை போதாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காதை எங்கே வைப்பது என்று உங்களுக்கு யாரும் காட்டவில்லை, அவ்வளவுதான். எனக்கு ஒவ்வொரு இசைக்கும் யாராவது ஓர் ஆள் வந்து காட்டிக் கொடுத்தார்கள். அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

நான் கோத்தகிரிக்காரன். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பம் எங்களுடையது. தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். தோட்டத்து வரிசை வீடுகளை எங்கள் ஆட்கள் லயம் என்பார்கள். இசையிலும் லயம் என்று ஒன்று உண்டு என்பது பள்ளிக்கூடம் போன பிறகுதான் எனக்குத் தெரியும். ஆனால் அதுவும் வீட்டிலேயே கிடைத்திருந்தது. அப்பா தப்பு என்ற தோல்பறை அடிப்பார். இலங்கைத் தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கிற இடத்துக்கு, ஆள் கூப்பிட ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, மாசியில் காமன் கூத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி. அடியைக் கேட்டதும் சேதி இன்னது என்று தெரிந்துவிடும். இங்கே மேகம் இறங்கினால் தோல் தளர்ந்துவிடும். நெருப்பு மூட்டித் தப்பைக் காய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். காய்ச்சும்போது விரலால் தட்டித் தட்டிப் பார்ப்பார். 'இப்ப கேளு, இப்ப ஏறிடுச்சு' என்பார். அதுதான் எனக்கு முதல் பாடம்.

வீட்டில் ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. இலங்கை வானொலி மலையில் நன்றாக எடுக்கும், சிற்றலை ஏறி இறங்கி வந்தாலும். சினிமாப் பாட்டோடு பைலா வரும், ஏ.ஈ. மனோகரனின் துள்ளிசைப் பாட்டு வரும். அப்பா மேசையில் தாளம் போட்டுக் காட்டினார்: பைலா ஆறு எண்ணிக்கையில் நடக்கும், பழனிக்குப் போகிறவர்கள் பாடும் காவடிச் சிந்தும் மூன்று மூன்றாக நடக்கிற நடை. போர்ச்சுகீசியரோடும் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களோடும் இலங்கைக்கு வந்த ஆட்டம் பைலா. முருகன் பாட்டுக்கு ஆடிய கால் அதற்கும் தடுமாறாமல் ஆடியது.

நீலகிரிப் பழங்குடிகளான கோத்தரின் இசைதான் என்னை முதலில் தோற்கடித்தது. கோத்தகிரி என்ற பெயரே அவர்களால் வந்தது. கொள் என்ற ஊதுகருவி, தபட்க், இன்னும் சில பறைகள், வளைந்த கொம்பு. சின்ன வயதில் திருவிழாச் சமயம் தூரத்தில் நின்று கேட்டேன். தப்பு அடிப்பவர் மகன் நான். எனக்கே தாளம் பிடிபடவில்லை. கொள் பாட்டுக்கு எங்கோ அலைகிறது, பறை பாட்டுக்கு எங்கோ போகிறது என்று பட்டது. பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, 'தம்பி, ஊதுறவங்களைப் பாக்காத. ஆடுறவங்க காலைப் பாரு' என்றார். பார்த்தேன். வட்டமாக ஆடுகிறவர்களின் கால் திரும்புகிற இடத்தில் கொள்ளும் பறையும் சரியாக வந்து சேர்ந்தன. நடுவில் கொள் முந்தும், பிந்தும். சேர வேண்டிய இடத்தில் தவறாது. இந்த இசையோடு பல ஆண்டுகள் இருந்து ஆராய்ந்த ரிச்சர்ட் உல்ஃப் என்ற அமெரிக்க ஆய்வாளரும் இதைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று பிற்பாடு தெரிந்தது. மெட்டு எந்தெந்த இடத்தில் தாளத்தோடு நங்கூரம் போடுகிறது என்பதுதான் அவர் கவனித்த விஷயம். எனக்கு அது பத்து வயதிலேயே, காலைப் பார்த்துக் கிடைத்தது.

அடுத்து, பக்கத்து லயத்து அண்ணன் ஒருவர். தேவாலயப் பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடுவார். டிசம்பர் வந்தால் சாயங்காலம் தன் பகுதியை மட்டும் பாடிப் பழகுவார். ஒரே இடத்தில் நாலைந்து முறை நின்று, ஒரு படி இறங்கி, மறுபடி நிற்கும். இதை ஏன் இவ்வளவு பக்தியாகப் பாடுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. கிறிஸ்துமஸ் ராத்திரி கூட்டிப் போனார். நான்கு குரலும் சேர்ந்தபோது, அந்த அசையாத குரல்தான் மற்ற மூன்றையும் தாங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பிறகு மேற்கத்திய இசையில் மேலே ஓடும் மெட்டை விட்டுவிட்டு அடியில் போகிறதைத் தேட ஆரம்பித்தேன். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதிய தனி வயலின் இசையைக் கேட்டுப் பாருங்கள். 1720-இல் அவர் கைப்பட எழுதிய பிரதி இருக்கிறது. ஒரே வயலின்தான். ஆனால் மேலே ஒருவர் பேச, கீழே ஒருவர் பதில் சொல்வதுபோல் இருக்கும். அடிக்குரலைப் பிடிக்காமல் கேட்டால் வெறும் வேகம்தான் காதில் விழும்.

கர்நாடக இசைக்கு எனக்கு வழி காட்டியது கோயில் ஒலிபெருக்கி. மார்கழி விடியலில், பனி கொட்டும்போது, நாதஸ்வரக் கலைஞர் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராக ரெக்கார்டு போடுவார்கள். ஆலாபனைக்குத் தாளம் கிடையாது. என் தப்புக் காது பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாமல் தவித்தது. அப்பாவின் அம்மா, எங்கள் அப்பாயிதான் பேச்சுவாக்கில் சொன்னாள்: 'அழுறவ சத்தம் மாதிரி நடுங்குது பாரு.' தோடியின் 'க' என்ற காந்தார ஸ்வரத்தைத்தான் சொன்னாள் என்று வெகுகாலம் கழித்துப் புரிந்தது. அந்த ஸ்வரம் ஓரிடத்தில் நிற்காது. கீழே உள்ள ரிஷபத்துக்கும் மேலே உள்ள மத்திமத்துக்கும் நடுவில் அசைந்துகொண்டே இருக்கும். ஸ்வரத்தைப் புள்ளியாகத் தேடினால் தோடி கிடைக்காது. அது அசைகிற அசைவில்தான் இருக்கிறது. ஆதார ஸ்வரமான ஷட்ஜத்தை மனதில் பிடித்துக்கொண்டு அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் பத்து நிமிடம் பின்தொடருங்கள். மற்றதெல்லாம் அப்புறம் வரும்.

அப்பாயியும் பாடுவாள். கொழுந்து கிள்ளும்போது, முறத்தில் அரிசி புடைக்கும்போது. அண்ணனைப் பறிகொடுத்த மலையைக் கைகாட்டி அழும் மலையகப் பாட்டு ஒன்று அவளுக்கு உயிர். மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் தோட்டம் தோட்டமாகப் போய்த் திரட்டிய பாட்டுகளின் வகை. மலை என்ற சொல்லில் அவள் குரல் ஒரு ஸ்வரத்தைத் தொடாமல், அதற்குச் சற்றுக் கீழே வளைந்து நிற்கும். நாங்கள் அது அவள் வயசு என்று நினைத்தோம்.

அவள் போய்ப் பல வருஷம் கழித்து, தேயிலைத் தொழிற்சாலையில் இரவுப் பணி. செப்டம்பர் சீசன், இலை குவிந்து கிடக்கிறது, உருட்டும் இயந்திரம் ஒரே சீராகச் சுற்றுகிறது. கூட வேலை செய்த பையன் கைபேசியில் ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸைப் போட்டான். மிசிசிப்பியில் ஸ்டோவால் என்ற பருத்தித் தோட்டத்தில் வேலை பார்த்தவர். 1941-இல் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் அந்தத் தோட்டத்துக்கே போய் அவரைப் பாட வைத்துப் பதிவு செய்தார். அந்தப் பதிவுதான் ஓடியது. கம்பி மேல் வழுக்கிக்கொண்டே ஒரு ஸ்வரம் போகிறது, காந்தாரத்துக்குப் பக்கத்தில், சின்ன காந்தாரமும் இல்லாமல் பெரிய காந்தாரமும் இல்லாமல் வளைந்து நிற்கிறது. நான் இயந்திரத்துப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். அப்பாயி நின்ற இடம் அது. அவள் வாழ்நாளில் அமெரிக்கா என்ற பேரைச் சொல்லி நான் கேட்டதில்லை. தோட்டத்து லயத்தில் அடைபட்டு, கங்காணி குரலுக்கு எழுந்து, ஊர் எங்கோ விட்டுப்போன ஆட்களின் குரல் இங்கேயும் அங்கேயும் ஒரே இடத்தில் வந்து வளைந்திருக்கிறது. இது இசையிலக்கணப்படி சரியா என்று பண்டிதர்கள் சொல்லட்டும். என் காதுக்குச் சந்தேகமே இல்லை.

எல்லாம் எனக்கு ஏறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆப்பெரா இன்னும் ஏறவில்லை. அந்தக் குரலில் எங்கே காதை வைப்பது என்று காட்டும் ஆள் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. ஆகவே அதைப் பற்றி ஒரு குறையும் சொல்வதில்லை.

சரி, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். இளையராஜாவிடமிருந்தே தொடங்குங்கள், அவரைவிட நல்ல வாசல் கிடையாது. உங்களுக்கு மனப்பாடமான பாட்டு ஒன்றை எடுத்து, பாடுகிறவரையும் வரிகளையும் விட்டுவிட்டு, பேஸ் கிடாரை மட்டும் முதலிலிருந்து கடைசி வரை பிடித்துக்கொண்டு போங்கள். முதல் தடவை பல்லவியிலேயே கை நழுவும். பரவாயில்லை, மறுபடி போடுங்கள். பேஸ் பிடிபட்ட பிறகு, 1986-இல் வந்த அவருடைய 'ஹவ் டு நேம் இட்' தொகுப்புக்குப் போங்கள். பாக்கும் தியாகராஜரும் அதில் ஒரே வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கேயும் வயலின்களை விட்டு அடியில் போகிற குரலையே முதலில் தேடுங்கள். ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். கைபேசி ஸ்பீக்கரில் அடிக்குரல் வராது.