எந்தக் கேம்ஷாஃப்ட் போடலாம்? வாசகர் கேள்விகள்

கே: ஓவல் டிராக் (நீள்வட்டப் பந்தயப் பாதை) காருக்கு எந்தக் கேம்ஷாஃப்ட் (எஞ்சின் வால்வுகளை இயக்கும் தண்டு, சுருக்கமாகக் கேம்) நல்லது?

ப: காரின் எடை, டிராக்கின் நீளம், கியர் விகிதம், டயர் அளவு, கம்ப்ரஷன், உங்கள் பிரிவின் விதி என எதையுமே எழுதவில்லை. எழுதி அனுப்புங்கள், பதில் சொல்கிறேன்.

கே: 1.5 விகித ராக்கரை (கேமின் அசைவைப் பெருக்கி வால்வுக்குக் கடத்தும் நெம்புகோல்) கழற்றிவிட்டு 1.6 போட்டால் பலன் உண்டா?

ப: உண்டு. லோப் (கேமின் மேடு) லிஃப்ட், அதாவது அது தூக்கும் உயரம், 0.320 இஞ்ச் என்றால், வால்வு லிஃப்ட் 0.480-இலிருந்து 0.512-க்கு ஏறும். வால்வு பிஸ்டனைத் தொடுகிறதா, ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டுகின்றனவா என்று அளக்காமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இன்டேக்கில் (கலவை உள்ளே வரும் வால்வு) 0.080, எக்ஸாஸ்டில் (புகை வெளியேறும் வால்வு) 0.100 இஞ்சாவது இடைவெளி வேண்டும்.

கே: நேர்ப்பாதைப் பந்தயத்தில் ஓட்டும் நண்பரின் பெரிய கேம் கைக்கு வந்திருக்கிறது. என் கால் மைல் ஓவலுக்குப் போடலாமா?

ப: வேண்டாம். எத்தனை தடவை எழுதினாலும் இதே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. நேர்ப்பாதையில் கார் ஒரு தடவைதான் புறப்படுகிறது. அப்புறம் கியர் மாற்றிக்கொண்டே எஞ்சினை மேல் ஆர்பிஎம்-இலேயே (நிமிடத்துக்கான சுழற்சி) வைத்திருக்கலாம். ஓவலில் சுற்றுக்கு இரண்டு தடவை ஆக்ஸிலரேட்டரை விட்டு, வளைவில் உருட்டி, மறுபடி மிதிக்கிறீர்கள், அதுவும் பெரும்பாலும் ஒரே கியரில். வளைவின் நடுவில் ஆர்பிஎம் 4000, 4500 வரை இறங்கிவிடும். டியூரேஷன் (வால்வு திறந்திருக்கும் அளவு, டிகிரியில்) நீண்ட பெரிய கேமில் இன்டேக் வால்வு தாமதமாக மூடும். அந்த வேகத்தில், மேலேறும் பிஸ்டன் உள்ளே வந்த கலவையில் ஒரு பங்கை மேனிஃபோல்டுக்கே (கலவை வரும் குழாய்) திருப்பித் தள்ளிவிடும். மிதித்ததும் எஞ்சின் இருமும். அந்த ஒரு நொடியில் பின்னால் வந்தவர் உள்பக்கமாக நுழைந்து போயிருப்பார். டைனோ (எஞ்சின் திறனை அளக்கும் கருவி) தாளின் உச்சியில் கூடுதலாகத் தெரியும் 20 குதிரைத்திறன் நேர்ப்பகுதியின் கடைசிச் சில அடிகளுக்குத்தான் உதவும்.

வளைவில் இறங்கும் குறைந்தபட்ச ஆர்பிஎம், நேர்ப்பகுதி முடிவில் ஏறும் அதிகபட்சம், இந்த இரண்டையும் குறித்துக்கொண்டு இடைப்பட்ட பகுதிக்குக் கேம் தேடுங்கள். இரண்டு கேமுக்கு நடுவே மனம் ஊசலாடினால் சின்னதை எடுங்கள். லோப் செபரேஷன் (இன்டேக், எக்ஸாஸ்ட் லோப்களின் உச்சிகளுக்கு நடுவிலான கோணம்) 106 டிகிரி பக்கம் இருக்கட்டும்.

கே: ஒரு கேமில் டியூரேஷன் 290, இன்னொன்றில் 250. எது பெரிது?

ப: இரண்டையும் எந்த லிஃப்டில் அளந்தார்கள்? 0.050 இஞ்ச் டேப்பெட் (லோப் மேல் உட்கார்ந்து ஏறி இறங்கும் துண்டு) லிஃப்டில் அளந்த எண்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

கே: புதுக் கேமில் பழைய ஃபிளாட் டேப்பெட்டுகளையே போடலாமா?

ப: கூடாது, கூடவே கூடாது. அப்படி ஓட்டிய ஒரு கேமை அண்மையில் கையில் வாங்கிப் பார்த்தேன். ஒரு லோபின் மூக்கே இல்லை, விரலால் தடவினால் வழுவழுவென்று வட்டமாக இருந்தது. அதன் டேப்பெட்டின் அடி கிண்ணம்போலக் குழிந்திருந்தது. அந்த இரும்புத்தூள் எல்லாம் ஆயிலோடு பேரிங்குக்குத்தான் போயிருக்கும். புது டேப்பெட், துத்தநாகம் கலந்த ஆயில். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் 2000, 2500 ஆர்பிஎம்-இல் அரை மணி நேரம் ஓட்டுங்கள். இரட்டை ஸ்பிரிங் என்றால் அதுவரை உள் ஸ்பிரிங்கைக் கழற்றி வையுங்கள்.

கே: கேமை 4 டிகிரி அட்வான்ஸ் செய்தால் (வால்வுகள் முன்கூட்டியே திறக்கும்படி திருப்பினால்)?

ப: கீழ் ஆர்பிஎம்-இல் டார்க் (முறுக்குவிசை) கொஞ்சம் ஏறும், மேலே கொஞ்சம் இறங்கும். செயின் சக்கரத்தின் புள்ளியை நம்பாமல் டிகிரி வீல் (கோணம் குறித்த வட்டத் தட்டு) வைத்துப் பாருங்கள். இன்டேக் வால்வு பிஸ்டனை இன்னும் நெருங்கும், ஆகவே இடைவெளியை மறுபடி அளந்துவிடுங்கள்.