வார்டியோடு ஆடிய மற்றப் பத்துப் பேர்

வணக்கம் ஐயா,

இங்கிலாந்து உதைபந்தாட்டக்காரர் ஜேமி வார்டியைப் பற்றி நீங்கள் முன்பு எழுதிய கட்டுரையை அச்செடுத்து என் மருமகனிடம் கொடுத்தேன். அக்காவின் மகன், வயது 19. லண்டனில் பிறந்தவன். ஒன்பது வயதில் ஒரு பெரிய கிளப்பின் அகாடமியில், அதாவது பிள்ளைகளை வளர்க்கும் பயிற்சிப் பள்ளியில், சேர்ந்தான். பதினாறில் ஸ்காலர்ஷிப் கிடைத்தபோது சொந்தக்காரரை எல்லாம் அழைத்து விருந்து வைத்தோம். போன வருடம் கூப்பிட்டு, உனக்கு ஒப்பந்தம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பத்து நிமிடம்கூட ஆகவில்லையாம். இப்போது இங்கிலாந்து லீக்குகளின் ஏழாம் அடுக்கில் ஒரு சின்ன கிளப்புக்கு உதைபந்தாட்டம் ஆடுகிறான். பகலில் கிடங்கில் வேலை, செவ்வாயும் வியாழனும் இரவில் பயிற்சி. சனிக்கிழமை தோற்றுவிட்டு வந்தால் அறையை விட்டு வெளியே வருவதில்லை. அக்கா, விளையாடியது போதும், படிக்கப் போ என்கிறார். நான் வார்டியைச் சொல்லித் தேற்றுகிறேன். உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு அவன் சொன்னது: "மாமா, இது கதை." அவனுக்கு நான் என்ன சொல்ல?

கே., லண்டன்

அன்புள்ள கே.,

மருமகன் சொன்னது சரி. நான் எழுதியது கதைதான். தகவல் எதுவும் தப்பில்லை. 'குள்ளமாக இருக்கிறான்' என்று ஷெஃபீல்ட் வென்ஸ்டே கிளப் 16 வயதில் வார்டியைக் கழித்துவிட்டது. ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் பார்க் ஸ்டீல்ஸ் அணியில் வாரம் 30 பவுண்டுக்கு ஆடினார். பகலில் தொழிற்சாலையில் மருத்துவ உபகரணம் செய்யும் வேலை. 2012இல் லெஸ்டர் கிளப் அவரை 10 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது, 2016இல் மேல் அடுக்கான பிரீமியர் லீக்கின் கோப்பை. எல்லாம் நடந்ததுதான். ஆனால் 16 வயதில் தொடங்கி ஒரே தாவலில் 29 வயதுக்குப் போய்விட்டேன். நடுவில் கிடந்த வருடங்களை இரண்டு வாக்கியத்தில் முடித்தேன். ஓர் அடிதடி வழக்கில் தண்டனையாகக் கணுக்காலில் மின்னணுப் பட்டையோடு ஆடியவர் அவர். மாலை ஆறு மணிக்கு வீட்டில் இருந்தாக வேண்டும் என்பதால் வெளியூர் ஆட்டங்களில் பாதியில் கிளம்பி ஓடுவார். அதையெல்லாம் சுவாரஸ்யத்துக்காகச் சேர்த்தேனே தவிர, அப்படி ஒரு வருடம் எவ்வளவு நீளமாக இருந்திருக்கும் என்று யோசிக்கவில்லை. இன்னொன்று, ஸ்டாக்ஸ்பிரிட்ஜில் அவரோடு ஆடிய மற்றப் பத்துப் பேரைப் பற்றி ஒரு வரிகூட நான் எழுதவில்லை. உங்கள் மருமகன் அந்தப் பத்துப் பேரைப் போன்றவர்களோடுதான் வாரந்தோறும் உடை மாற்றுகிறான். கதை என்று அவனுக்குத் தெரியாமல் இருக்குமா?

அப்புறம், விமல் யோகநாதன் பெயரையும் உங்கள் வீட்டில் இந்நேரம் நூறு தடவை சொல்லியிருப்பார்கள். வேல்ஸில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பிள்ளை, சிறுவயதில் லிவர்பூல் அகாடமி, பிறகு பார்ன்ஸ்லியில் முதல் அணி. எனக்கும் பெருமைதான். ஆனால் 'அவனைப் பார்' என்று சாப்பாட்டு மேசையில் ஆரம்பிக்காதீர்கள். நம் வீடுகளில் எதிர்வீட்டுப் பிள்ளையின் மார்க்கைச் சொல்லிச் சோறு போடும் பழக்கத்தின் மறுபதிப்பு அது.

அந்தப் பத்து நிமிடத்துக்கு வருகிறேன். அவன் குறையால்தான் அது நடந்தது என்று அவன் நினைத்துக்கொண்டிருப்பான். அகாடமி நடக்கும் விதத்தைப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வரும். பதினேழு வயதுக்காரர்கள் அணியில் கிளப் உண்மையில் நம்புவது ஒருவரையோ இருவரையோ. ஆனால் அந்த ஒருவன் ஆடக் கற்றுக்கொள்ள, கூட ஆடப் பத்துப் பேரும் எதிரே ஆடப் பதினொரு பேரும் வேண்டும். அந்த மீதிப் பேரும் எட்டு, ஒன்பது வயதிலிருந்து அதே சீருடை, அதே பயிற்சி, அதே கனவோடு வருகிறார்கள். 2012இல் இங்கிலாந்தில் அகாடமிகளைத் தரம் பிரித்தபோது, முதல் தர அகாடமிகள் தொலைதூரத்துப் பிள்ளைகளையும் சேர்க்கலாம், சின்ன கிளப்புகளுக்கு வரையறுத்த இழப்பீடு கொடுத்தால் போதும் என்று ஆனது. பெரிய கிளப்புகள் அள்ளிக்கொண்டன. அள்ளுகிற கை பெரிதாக இருந்தால் விரலிடுக்கில் சிந்துவதும் நிறையத்தான் இருக்கும்.

இதில் எனக்குப் பிடித்தது பிரென்ட்ஃபோர்டு செய்தது. தாங்கள் வளர்க்கும் பையன்களைப் பெரிய கிளப்புகள் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்து வெறுத்துப்போய் 2016இல் அகாடமியையே மூடினார்கள். அதற்குப் பதில் 'பி' அணி என்று ஒன்றைத் தொடங்கி, மற்ற இடங்களில் கழித்துவிட்ட பையன்களைச் சேர்த்தார்கள். பழைய பேப்பர் கடைக்காரரின் கண் அது. (2022இல் அகாடமியைத் திரும்பத் திறந்துவிட்டார்கள், அது வேறு விஷயம்.)

சரி, ஏழாம் அடுக்கு. சில வருடங்களுக்கு முன் வேலை நிமித்தமாக இங்கிலாந்தின் வடக்கே ஒரு குளிர்காலம் இருந்தேன். தங்கியிருந்த இடத்துக்கு அருகே இப்படி ஒரு மைதானம். ஒரு பக்கம் தகரக் கூரை, மூன்று பக்கம் கைப்பிடிக் கம்பி. செவ்வாய்க்கிழமை இரவு, முந்நூறு பேர்கூட இருக்க மாட்டார்கள். வீட்டு அணியின் இடது ஓரத்தில் மெலிந்த ஒரு பையன். அகாடமியில் வளர்ந்தவன் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பந்து வருவதற்குள் இரண்டு தடவை தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொள்கிறான். வந்ததும் ஒரே தொடுகையில் அடக்கி, பாதி திரும்பி, தலை நிமிர்த்தி நிற்கிறான். அழகு. ஆனால் பந்து அவனிடம் வந்தால்தானே? பின்னால் நின்ற மொட்டைத் தலைத் தடுப்பாளர் ஒவ்வொரு முறையும் அவன் தலைக்கு மேலேதான் உதைத்து அனுப்பினார். பையன் கையை விரித்தபடி நின்றான். அவர் அவனைப் பார்க்கவே இல்லை. முப்பத்தைந்து வயது இருக்கும். காலையில் ஏதாவது வேலைக்குப் போக வேண்டியவர். வென்றால் கையில் கொஞ்சம் கூடுதல் காசு வரும், அவ்வளவுதான் அவர் கவலை. தரையில் நாலு பாஸ் கொடுத்துப் பந்தை இழந்தால் அவர் வீட்டுக் கணக்குதான் இடிக்கும்.

இடைவேளைக்குப் பிறகு எதிரணி ஆள் ஒருவன் பந்தோடு அந்தப் பக்கம் புகுந்தான். பையன் தன் இடத்தை விட்டு நாற்பது கெஜம் திரும்பி ஓடி, கொடிக்கம்பத்தின் அருகே சறுக்கி விழுந்து பந்தை வெளியே தள்ளினான். பார்க்க நன்றாகவே இல்லை. சட்டையெல்லாம் சேறு. கம்பியோரம் நின்ற ஒரு கிழவர் விளம்பரத் தகரத்தை உள்ளங்கையால் படபடவென்று அடித்தார். அந்த இரவு முழுக்க அவனுக்குக் கிடைத்த முதல் கைதட்டு அது. மொட்டைத் தலைக்காரர் வந்து அவன் பிடரியில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார். அடுத்த பந்து அவன் காலுக்கு வந்தது.

அகாடமியில் முடிவைவிட வளர்ச்சிதான் முக்கியம். பிள்ளைகளுக்கு அது நல்லதே. ஆனால் பதினெட்டு வயதுக்கு மேலும் அதிலேயே கிடந்தால், தோற்றால் ஒன்றும் ஆகாத ஆட்டங்களை ஆடியே வயது ஏறிவிடும். பெரிய கிளப்புகளுக்கும் இது தெரியும். அதனால்தான் பையன்களைக் கீழ் டிவிஷன்களுக்கு லோனில், அதாவது கொஞ்ச காலத்துக்கு இரவலாக, அனுப்புகிறார்கள். 2016 முதல் 21 வயதுக்குட்பட்டோர் அணிகளைக் கீழ் டிவிஷன் கோப்பைப் போட்டியில் நுழைத்தார்கள். அந்த ஊர் ரசிகர்கள் கொதித்துப்போய்ப் புறக்கணித்தார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. மற்றவன் லோனில் போய்த் தேடுவது உங்கள் மருமகனுக்கு சனிக்கிழமைதோறும் கிடைக்கிறது. எனவே எந்த அடுக்கில் ஆடுகிறான் என்று கேட்காதீர்கள், எத்தனை நிமிடம் ஆடுகிறான் என்று கேளுங்கள். பெஞ்சில் உட்காருகிறான் என்றால் இன்னும் ஓர் அடுக்கு கீழே போய்த் தொண்ணூறு நிமிடமும் ஆடுவது நல்லது. அதைச் சொல்ல வீட்டில் ஒருவர் வேண்டும், அவனாகச் சொல்ல வெட்கப்படுவான்.

எபரேச்சி எஸேயை அவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். 13 வயதில் ஆர்சனல் கிளப் அவரைக் கழித்து அனுப்பியது. பிறகு ஃபுல்ஹம், ரெடிங், மில்வால். கடைசியாக மில்வாலும் கைவிட்டபோது வயது 18. கல்லூரியில் சேர்ந்து டெஸ்கோ கடையில் பகுதி நேர வேலை பார்க்கலாமா என்று யோசித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். கியூ.பி.ஆர். கிளப் சோதித்துப் பார்த்து எடுத்தது, ஆனால் அவர் ஆள் ஆனது லோனில் போன விக்கம்ப் கிளப்பில். அரை சீசன், நான்காம் அடுக்கு லீக் டூ. 2025இல் கிரிஸ்டல் பேலஸுக்கு எஃப்.ஏ. கோப்பையை வென்று தந்த ஒரே கோல் அவருடையது, சில மாதத்தில் ஆர்சனலே திரும்ப வாங்கியது. பார்த்தீர்களா, நானும் மறுபடி கதைக்குள் போய்விட்டேன். எஸேயிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது விக்கம்பின் அந்த அரை சீசனை மட்டும்தான்.

இதைவிட ரிக்கி லாம்பர்ட் எனக்கு நெருக்கம். 15 வயதில் லிவர்பூல் அவரைக் கழித்து அனுப்பியது. ஒரு கட்டத்தில் பீட்ரூட் ஆலையில் ஜாடிகளுக்கு மூடி போட்டிருக்கிறார், நாளுக்கு 20 பவுண்டு. மேக்கிள்ஸ்ஃபீல்ட், ஸ்டாக்போர்ட், ரோச்டேல், பிரிஸ்டல் ரோவர்ஸ் என்று கீழ் டிவிஷன்களிலேயே வருடக்கணக்கில் சம்பளம் வாங்கினார். 31 வயதில் இங்கிலாந்துக்கு ஆடியதும், முதல் தொடுகையிலேயே ஸ்காட்லாந்துக்கு எதிராகக் கோல் போட்டதும் பிற்பாடு. அது நடக்காமல் போயிருந்தாலும் ரோச்டேலில் அவர் போட்ட கோல்கள் கோல்கள்தானே?

அக்காவின் பயத்தை லேசாக எடுக்காதீர்கள். படிப்பா பந்தா என்று ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றில்லை. ஜாக் ஹாரிசன் மான்செஸ்டர் யுனைட்டெட் அகாடமியில் இருந்தவர். அங்கேயே கிடந்தால் என்ன ஆவானோ என்று அவருடைய அம்மா 14 வயதில் அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பினார். பள்ளியிலும் பிறகு பல்கலைக்கழகத்திலும் ஆடிக்கொண்டே இருந்தவர், 2016இல் அந்நாட்டு லீக்கின் டிராஃப்டில், அதாவது கிளப்புகள் முறை வைத்துப் புது ஆட்களை எடுக்கும் தேர்வில், முதல் ஆளாகத் தேர்வானார். பின்பு லீட்ஸுக்கு ஆடினார். உங்கள் மருமகனுக்கு 19 ஆகிறது, அந்த வாசல் இன்னும் மூடவில்லை. பக்கத்திலேயே பகுதி நேரப் படிப்பும் இருக்கும். கிடங்கு வேலையோடு செவ்வாய், வியாழன் பயிற்சிக்குப் போகிறவனுக்கு இரண்டு வகுப்புக்குப் போவது பெரிய பாரம் ஆகாது. ஆனால் 'விட்டுவிட்டுப் படி' என்று சொன்னால் இரண்டையும் விடுவான்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். நீங்களோ அக்காவோ அவன் இப்போது ஆடும் மைதானத்துக்கு ஒரு தடவையாவது போயிருக்கிறீர்களா? கடிதத்தில் அது இல்லை. அகாடமி நாட்களில் வாரம் மூன்று தடவை காரில் கூட்டிப் போயிருப்பீர்கள். அடுத்த செவ்வாய் வீட்டு மைதானத்தில் ஆட்டம் இருந்தால் அக்காவையும் அழைத்துக்கொண்டு போங்கள். கம்பியோரம் நில்லுங்கள், தகரக் கூரைக்குக் கீழே குளிர் இன்னும் அதிகம். தடித்த காலுறை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.